தண்டையல் வெட்டிய வழி

காணியைக் கொடுக்கச் சம்மதித்தபோது நான் ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தேன். அங்கே எழும்பும் கட்டடத்தில் என் பேரனார், அம்மாவைப் பெற்ற தம்பிஐயாத் தண்டையலின் பெயர் இருக்கவேண்டும். முகப்பில், கடலைப் பார்த்து, தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய எழுத்தில்.

காணியைக் கேட்டு வந்தவன் என் தம்பியின் மகன் கஜானன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். கடலடி உயிர்களைப் பற்றிப் படித்து, அதையே படிப்பிக்கவும் செய்கிறான். எங்கள் கரைக்கு முன்னால் கிடக்கும், பவளப் பூச்சிகள் கட்டிய முருகைக்கற் பாரைக் காப்பதற்கு ஓர் ஆய்வு நிலையமும், வருகிறவர்கள் பார்த்துப் போக ஒரு மண்டபமும் வேண்டுமென்று ஏழு வருடம் அலைந்து, அதற்கான அனுமதிகளை எடுத்துவிட்டான். கடலோரத்தில் காணி மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் மாமியான என்னிடம் வந்து நின்றான்.

"பேர்தானே மாமி, தாராளமா வைப்பம்," என்றான். அவனுக்கு அன்றைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்தப் பன்னிரண்டு பரப்பும் அம்மா எனக்குச் சீதனமாக எழுதியது. சீதனம் எழுதிய பிறகு மாப்பிள்ளை அமையவில்லை. காணி மட்டும் அமைந்தது. அதற்காக நான் யாரிடமும் முகம் கோணியதில்லை. பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முப்பத்தாறு வருடம் படிப்பித்தேன். இப்போது எழுபத்தெட்டு வயது. முதுகு இன்னும் வளையவில்லை.

தண்டையல் என்றால் பாய்க்கப்பலை ஓட்டும் தலைவன். அம்மாவின் தகப்பனார் நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் ஓடியவர். ஆனால் ஊர் அவரை நினைத்திருப்பது அதற்காக அல்ல. எங்கள் கரை நெடுகப் பார் ஒரு மதில் போலக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் வள்ளங்கள் அதைத் தாண்ட முடியாமல், நீர் ஏறும்வரை காத்திருந்து, மேற்கே இரண்டு மைல் சுற்றிப் போய்த்தான் கடலைப் பிடிக்கும். 1931ஆம் ஆண்டு பங்குனியில் பேரனார் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கி, அலவாங்கால் குத்திப் பாரைப் பிளந்தார். அப்படி வெட்டிய வழியை எங்கள் பக்கத்தில் வான் என்பார்கள். எங்களுடையது தண்டையல் வான்.

நாற்பது அலவாங்கு, பதினெட்டு நாள், ஒன்பது அடி அகலம், முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டில் கல். எங்கள் வீட்டில் பேச்சு வந்த பிள்ளை எல்லாம் முதலில் படிக்கும் பாடம் இது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னாலும் பெரியமாமா இதைத்தான் முதலில் சொல்லுவார். சாதகக் குறிப்பு அதற்குப் பிறகுதான் வெளியே வரும். வெட்டியெடுத்த கல்லில் பாதி சூளையில் வெந்து சுண்ணாம்பாயிற்று. மிச்சத்தில் எங்கள் வீடு எழும்பிற்று. நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து பத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கூரை இல்லை, நிலைகள் இல்லை, கிணற்றுக்குள் ஆலமரம். சுவர் மட்டும் நின்றது. அது முருகைக்கல்.

வருடந்தோறும் வாடைக்காற்று ஓய்ந்து கடல் படிந்ததும், அந்த வானால் போகும் முதல் வள்ளக்காரன் எங்கள் வாசற் படலையடியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவான். திரும்பி வந்த வருடமும் உடைத்தார்கள். அது எங்களுக்கு ஊர் தந்த மரியாதை. நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அதைத்தான்.

தை மாதம், கடல் இன்னும் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்த ஒரு காலையில், கஜானன் கட்டடக் கலைஞரை அழைத்து வந்தான். நிமலினி ஜெபரட்ணம், மானிப்பாய்ப் பெண். நாற்பது வயதிருக்கும். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதுக்கே வந்தாள். மிஷன் பள்ளிக்கூடக் குடும்பங்களுக்கு அந்த ஒழுங்கு உண்டு. எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

சாப்பாட்டு மேசையில் படங்களை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் என் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்தாள்.

"ரீச்சர், இது ஆய்வுகூடம். இது தொட்டிகள் இருக்கிற இடம். உடைஞ்சு விழுந்த முருகைத் துண்டுகளை இதுக்குள்ளை வளர்த்துத் திருப்பிக் கடலிலை நடுவம். நடுவிலை மண்டபம். எல்லாமே குட்டித் தூண்களிலை நிற்கும், மணல் தன்ரை பாட்டிலை கீழாலை போய்வரலாம். கழிவுத்தண்ணி ஒரு துளியும் கடலுக்குப் போகாது. உந்த நாணற் பாத்தியளுக்குள்ளை இறங்கி வடியும். கடற்பக்கம் பெரிய யன்னல் இல்லை. இரவிலை எங்கடை வெளிச்சம் தண்ணியிலை விழக்கூடாது."

"கடற்கரையிலை கட்டிப்போட்டுக் கடலைப் பார்க்க யன்னல் இல்லையோ?"

"நாங்கள் கடலைப் பார்க்கிறதிலும் பார்க்க, கடல் எங்களைப் பாராமல் இருக்கிறது நல்லம் ரீச்சர்."

பதில் எனக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பின்வளவில் விழுந்து கிடக்கும் பழைய சமையலறையைக் காட்டி, அந்தக் கல்லை எடுத்து மண்டபத்தைக் கட்டலாம், தொண்ணூறு வருடத்துக் கல், இரும்பு மாதிரி என்றேன். அவள் கஜானனைப் பார்த்தாள். அவன் யன்னலைப் பார்த்தான்.

"முருகைக்கல் வேண்டாம் ரீச்சர். பாரைக் காக்கக் கட்டுற கட்டடம். அதை முருகைக்கல்லாலை கட்டினா, பிறகு வாறவைக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

"சரி, உம்முடைய விருப்பம்," என்றேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக் கல்லை வேண்டாமென்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அந்தச் சுருக்கினால்தானோ என்னவோ, மண்டபத்தின் நடுவில் பாரின் மாதிரியுரு ஒன்று வைக்கப் போவதாக அவள் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் தண்டையல் வான் தெளிவாகத் தெரியவேண்டும் என்றேன். பக்கத்தில் கணக்கும் எழுதவேண்டும் என்றேன். நாற்பது, பதினெட்டு, ஒன்பது, முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினாள். வண்டில் ஒன்றில் எவ்வளவு கல் ஏற்றியிருப்பார்கள் என்று கேட்டாள். எனக்கு அதுவும் தெரிந்திருந்தது, ஆறு அந்தர், ஏறக்குறைய முந்நூறு கிலோ. அதையும் எழுதினாள். அவ்வளவு அக்கறையாக எங்கள் கதையைக் கேட்ட பெண் பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை.

மாசி மாதம் காணியில் அத்திவாரத்துக்குக் கோடு போட்டார்கள். குற்றி அடித்து, நூல் கட்டி, நூல் வழியே சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள். ஆட்கள் போன மறுநாள் விடியற்காலையில் நான் மட்டும் படலையைத் திறந்துகொண்டு இறங்கிப் போனேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அந்தச் சாம்பலின் நடுவில் வெள்ளைக் கோடுகள், மணலில் மிதப்பதுபோல. வாசல் என்று விட்டிருந்த இடைவெளியால் உள்ளே போனேன். கோட்டை மிதித்துப் போக மனம் வரவில்லை. சுவர் இருப்பதுபோலவே சுற்றிப் போனேன். இது ஆய்வுகூடம். இங்கே தொட்டிகள். இல்லாத கதவைத் தாண்டும்போது சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தேன், நிலையில் மாட்டாமல் இருக்க. மண்டபத்துக்குள் வந்ததும் ஒரு குளிர்ச்சி வந்து சூழ்ந்தது, உண்மையாகவே கூரை நிழல் விழுந்ததுபோல. நடுவில் நின்று மேலே பார்த்தேன். ஒரு கடற்காகம் கூரையை ஊடறுத்துப் போயிற்று.

ஒரு குறைதான் தெரிந்தது. எங்கள் படலையில் நின்று பார்த்தால் நேரே தண்டையல் வான் தெரியும். அங்கே மட்டும் அலை முறியாது, தண்ணீர் கருநீலமாக இருக்கும். மண்டபம் அந்தப் பார்வைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கட்டடம் எழும்பினால் எங்கள் படலைக்கு வான் தெரியாது. பெயர் கடலைப் பார்த்து நிற்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பங்குனி பிறந்து மூன்றாம் நாள். மண்டபச் சுவரில் எழுதப்போகும் வாசகங்களோடு இருவரும் வந்தார்கள். காணி உறுதி எழுத இருபத்தேழாம் திகதி நொத்தாரிசு வருவதாக ஏற்பாடு. கஜானன் தாள்களை நீட்டினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

"1931ஆம் ஆண்டு தம்பிஐயாத் தண்டையல் என்பவர் நாற்பது பேரைக் கொண்டு பதினெட்டு நாட்களில் இந்தப் பாரை ஒன்பது அடி அகலத்துக்கு உடைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டில் கல் வெட்டப்பட்டது. திறந்த வழியால் புகுந்த அலை இரு பக்கத்துப் பாரையும் அரித்து, இன்று அந்த இடைவெளி நாற்பத்தொரு அடி. உடைந்த பாகத்துக்கு நேரே கரை அறுபது மீற்றர் உள்ளே வந்துவிட்டது. ஓர் அங்குலப் பார் வளர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்."

திருப்பி வாசித்தேன். கோப்பையில் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

"என்பவரோ?" என்றேன்.

"மாமி..."

"தம்பிஐயாத் தண்டையல் என்பவர். ஆரோ பொலிசுக்குப் பிடிபட்டவன் மாதிரி. என்பவர்!"

"அதை மாத்திவிடுவம் ரீச்சர்," என்றாள் நிமலினி. "எழுதினதிலை வேறை ஏதும் பிழை இருக்கோ?"

"பிழை என்னெண்டு நீர் என்னட்டைக் கேக்கிறீரோ? என்ரை வீட்டு மேசையிலை இருந்து, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, என்ரை பேரனாரைக் கள்ளனாக்க உமக்கு ஆர் கணக்குத் தந்தது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள்தான் தந்தனீங்கள் ரீச்சர்."

கொப்பியில் அவள் எழுதிக்கொண்டிருந்த கை கண்முன் வந்தது.

கஜானன் மெல்லத் தொடங்கினான். "மாமி, அவர் எனக்கும் பூட்டன்தானே. பொய் ஒண்டும் இல்லையே இதிலை?"

"பொய் எண்டு நான் சொன்னனானோ? ஊரே தேங்காய் உடைக்கிற பேர் அது. அதை நீ சுவரிலை ஏத்தி, சீமையிலை இருந்து வாறவனெல்லாம் வாசிச்சு நாக்குக் கொட்ட வைக்கப் போறாய். அதுக்கு நான் காணி தரோணும். நொத்தாரிசுக்குச் சொல்லிவிடு, இருபத்தேழு வரத் தேவையில்லையெண்டு."

"ஏழு வருஷம் மாமி."

"தொண்ணூறு வருஷம் தம்பி."

கோப்பைகளை நானே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர்கள் படங்களைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு படலை சாத்தும் சத்தம்.

நாலாம் நாள் கஜானன் தனியாக வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு கடித உறையை மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் மாத்தியாச்சு மாமி. நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ. நிமலினி அக்கா சொன்னவ, உங்களை நோகடிச்சு ஒரு கட்டடம் தனக்கு வேண்டாமாம்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடியாமல் போய்விட்டான்.

முகப்பின் படம் முதலில் இருந்தது. "தம்பிஐயா ஞாபகார்த்தக் கடல் ஆய்வு நிலையம்." எழுத்து இரண்டடி உயரம், பொன் நிறம். அடுத்த தாளில் சுவர் வாசகம். "கடந்த நூற்றாண்டில் மனிதச் செயற்பாடுகளால் இப்பாரின் ஒரு பகுதி சேதமுற்றது." அவ்வளவுதான். மாதிரியுருவின் படத்தில் வான் இருந்த இடத்தில் "இடைவெளி" என்று சின்னதாக எழுதியிருந்தது.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தாள்களை அடுக்கி உறைக்குள் போட்டேன். திரும்ப எடுத்து வாசித்தேன். மத்தியான வெயில் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்க் கட்டிலில், சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்த இடத்தில் சாந்து பெயர்ந்து கல் வெளியே தெரியும். கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கள். ஒவ்வொன்றும் சின்ன விரல்நுனி அளவு. பிள்ளையாக இருந்த காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தால் அவற்றைத் தடவி எண்ணிக்கொண்டு கிடப்பேன். இப்போதும் விரல் தானாகவே போயிற்று. எண்ணிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன்.

அந்தச் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு துளி சிந்தவில்லை. அறை அறையாகத் தண்ணீர் நின்றது, சதுரமாக, பச்சையாக. மீன்கள் வாசல்களால் ஒழுங்காகப் போய்வந்தன. ஆட்களும் வந்தார்கள், நுழைவுச் சீட்டோடு, சேலை நனையாமல். மண்டபத்தின் நடுவில் பேரனார் நின்றார். எனக்கு ஆறு வயதில் அவர் போய்விட்டார். முகம் நினைவில்லை, கனவிலும் முகம் இல்லை. கைகள் மட்டும் அவருடையவை. கையில் அலவாங்கு. வருகிறவர்களிடம் எல்லாம் ஏதோ கேட்டார். அவர்கள் அவரை ஊடறுத்து நடந்து போய், மேலே பொன் எழுத்தைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். "பிள்ளை, என்ரை வான் எங்கை?" என்றார்.

விழித்தபோது கன்னத்தில் கல்லின் பூ பதிந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன்.

அப்போதுதான் படலையில் யாரோ தட்டினார்கள். குகதாசன். எங்கள் துறையின் வள்ளக்காரன், அறுபது வயது, என்னிடம் நாலாம் வகுப்பில் படித்தவன். கையில் மஞ்சள் பூசிய தேங்காய்.

"கடல் படிஞ்சிட்டுது ரீச்சர். முதல் வள்ளம் என்ரைதான். பின்னேரக் காத்து எழும்ப முந்தி இறக்குவமெண்டு வந்தன்."

ஒரே அடியில் தேங்காய் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் மணலில் ஓடி, ஓடிய இடம் தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு வருடமும் இதை நான் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அன்று போகவில்லை.

"குகதாசன், உன்ரை வள்ளத்திலை இடம் இருக்கோ?"

"என்னத்தை ஏத்த ரீச்சர்?"

"என்னை."

அவன் பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடி நின்றான். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கப்பல் தெரியும், பாய் தெரியும், எந்தக் காற்றில் எந்தத் துறைக்குப் போகலாம் என்று தெரியும். ஆனால் கடலில் கால் வைத்ததில்லை. வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு மரியாதை. தொண்ணூறு வருடம் வானுக்காகத் தேங்காய் வாங்கிய வீட்டில், அதைக் கிட்டப் போய்ப் பார்த்த பெண் ஒருத்தியும் இல்லை.

"கஜானன்ரை கண்ணாடிப் பெட்டி உன்னட்டைத்தானே இருக்கு?" என்றேன். அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி அது. தண்ணீரில் வைத்துக் குனிந்தால் அடி தெரியுமென்று சொல்லியிருக்கிறான்.

"ஓம், இருக்கு. ஆனா ரீச்சர், ஆராவது கண்டால்..."

"கண்டால் காணட்டும். கதிரை ஒண்டு எடுத்துப் போடு."

வள்ளத்தில் கதிரை போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்தேன். துறையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். அலை தூக்கியபோது என் கை தானாகவே குகதாசனின் தோளைப் பற்றிக்கொண்டது.

"நாலாம் வகுப்பிலை வாய்ப்பாட்டுக்கு என்னை அடிச்ச கை," என்றான் அவன். "இப்ப பாருங்கோ, விடமாட்டன் எண்டு நிக்குது."

"ஏழாம் வாய்ப்பாடு இப்பவாவது வருமோ?"

"மீன் எண்ணுறதுக்கு ஆறு காணும் ரீச்சர்."

வானுக்குள் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். சத்தம் போனதும் ஒரு பெரிய அமைதி வந்தது. காற்றே இல்லை. கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. குகதாசன் பெட்டியைத் தண்ணீரில் வைத்துப் பிடிக்க, நான் குனிந்தேன்.

முதலில் வெளிச்சம்தான். மணலில் வலை வலையாக ஓடும் வெளிச்சம். பிறகு வெட்டு தெரிந்தது. தலைமயிரை வகிடெடுத்ததுபோல ஒரு நேர் வழி, வெள்ளை வெளேரென்று, கரையிலிருந்து ஆழத்துக்கு. அதில் ஒன்றும் இல்லை. நொறுங்கிய துண்டுகள், அலையோடு இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தன. இரு பக்கத்திலும் பார் உடைந்த பல்லாக நின்றது. இவ்வளவு அகலமா? ஒன்பது அடி என்றல்லவா சொல்லிவந்தோம். எங்கள் கணக்கைக் கடல் தன் பாட்டில் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

வள்ளம் மெல்ல ஒதுங்கிப் பாருக்கு மேலே மிதந்தது. வெள்ளை முடிந்து நிறம் தொடங்கிற்று. தவிட்டு நிறம், பாசி நிறம், ஊதா. கிளிமீன் ஒன்று கல்லைக் கொறித்துக்கொண்டு போயிற்று. அதற்குக் கீழே, வட்டமாக, ஒரு கல் முழுக்கப் பூக்கள். நட்சத்திரம் நட்சத்திரமாக. ஒவ்வொன்றும் சின்ன விரல்நுனி அளவு.

என் அறைச் சுவர். அதே பூ, அதே வரிசை. ஆனால் இது பச்சையாக இருந்தது. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஏதோ ஒன்று திறந்தது, மூடிற்று. எழுபத்தெட்டு வயதுவரை நான் சாய்ந்துகொண்டிருந்த சுவர் தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. விரலை நீட்டினேன். கண்ணாடி தடுத்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தேனோ தெரியாது. குடை எப்போதோ தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டிருந்தது.

"ரீச்சர், உங்கடை குடை போகுது!"

"உவ்வளவத்தையும் நாங்களோ செய்தது?"

குகதாசன் பீடியைப் பற்றவைக்காமல் உதட்டில் வைத்துக்கொண்டான். "நாங்களெண்டு நீங்கள் மட்டும் என்னெண்டு சொல்லுறது? என்ரை அப்பாவின்ரை அப்புவும் வெட்டினவர். நாற்பதிலை அவரும் ஒராள், கந்தப்பர். அவற்றை பேரை ஆர் சொல்லுகினம்? இந்த வழியாலை நாலு தலைமுறை சாப்பிட்டிருக்கிறம், அதுவும் உண்மை. இப்ப பாரிலை மீன் இல்லை, இந்தியாக் கரைமட்டும் ஓடவேண்டிக் கிடக்கு, அதுவும் உண்மை. எழுதுறதெண்டா எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்கோ."

"ஏன் இத்தனை வருஷம் என்னட்டைச் சொல்லேல்லை?"

"தேங்காய் உடைக்கிற வீட்டிலை இதை எப்பிடிச் சொல்லுறது?"

கரைக்குத் திரும்பியதும் ஈரச் சேலையோடு நின்றபடி கஜானனுக்கு ரெலிபோன் எடுத்தேன். நிமலினியைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னேன். படங்கள் எல்லாவற்றோடும்.

வந்தார்கள். கஜானன் உட்காரவே பயந்தான். நான் கோப்பைகளை எடுத்து மேசையின் நாலு மூலையிலும் வைத்தேன்.

"பிள்ளை, உந்த ‘மனிதச் செயற்பாடுகளால்’ எண்டதை வெட்டும்."

"ரீச்சர், அதுக்கும் மென்மையா எழுத ஏலாது. முழுக்க எடுத்தால்..."

"ஆர் மென்மையாக் கேட்டது? மனிதச் செயற்பாடு! செய்தவருக்குப் பேர் இல்லையோ? இந்த வீட்டிலை ஒருத்தரும் ஒளிச்சு ஒரு வேலை செய்யேல்லை. பட்டப்பகலிலை, ஊர் பார்க்க வெட்டினது. முதல் எழுதினதையே எழுதும். ‘என்பவர்’ மட்டும் வேண்டாம்."

நிமலினி பென்சிலைக் கையில் எடுத்தாள், எழுதவில்லை. கஜானன் முன்னால் சாய்ந்தான். "மாமி, வேணுமெண்டா ஒரு வசனம் சேர்ப்பம். அந்தக் காலத்திலை கல்லுக்கு உயிர் இருக்கிறது அவைக்குத் தெரியாதெண்டு..."

"தெரிஞ்சதோ தெரியாதோ, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத வேண்டாம். ஊருக்கு வழி வேண்டியிருந்ததெண்டு எழுது, அது தெரியும். நாற்பது பேரின்ரை பேரும் வரோணும். குகதாசனுக்கு ஐஞ்சு பேர் தெரியுமாம். மிச்சத்துக்கு வெறும் இடம் விடுங்கோ. வாறவை ஆராவது தங்கடை அப்புவின்ரை பேரைச் சொன்னா எழுதலாம்."

"முகப்பிலை?" என்றாள் நிமலினி.

இரண்டடிப் பொன் எழுத்தைக் கடைசி முறையாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

"முகப்பிலை ஒருத்தரின்ரை பேரும் வேண்டாம். அவற்றை பேர் அவர் செய்த வேலைக்குப் பக்கத்திலை இருக்கட்டும்." பிறகு படத்தை என் பக்கம் திருப்பினேன். "இன்னொண்டு. உம்முடைய மண்டபம் என்ரை படலையை மறைக்குது. இதை நடுவாலை வெட்டிவிடும்."

"மண்டபத்தையோ?"

"ஓம். படலைக்கும் வானுக்கும் நேரே. மேலை கூரை வேண்டாம், கதவு வேண்டாம். காத்துப் போகட்டும். அந்த வழியிலை நிண்டு பாக்கிறவைக்கு வான் தெரியோணும், அதின்ரை இரண்டு பக்கத்துச் சுவரிலையும் கதை இருக்கோணும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பென்சில் இறங்கிற்று. எத்தனை மாதம் இருந்து கீறிய மண்டபம். ஒரு அழிப்பும் இல்லாமல் அதன் நடுவால் இரண்டு கோடு இழுத்தாள். இழுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். நோகிறது என்று தெரிந்தது.

"எவ்வளவு அகலம் ரீச்சர்?"

"ஒன்பது அடி," என்றேன். "அவர் வெட்டினது அவ்வளவுதான். மிச்சம் கடல் எடுத்தது. கட்டடத்தைக் கடல் எடுக்காமல் பார்க்க வேண்டியது உங்கடை வேலை."

கஜானன் எழும்பி முற்றத்துக்குப் போய் நின்றான். அவனுடைய தோள் அசைந்ததை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

இருபத்தேழாம் திகதி நொத்தாரிசு வந்தார். உறுதியில் கொடுப்பவரின் விபரம் எழுதுமிடத்தில் தகப்பன் பெயரைக் கேட்டார். சொன்னேன். அதன் கீழே, வழக்கத்தில் இல்லாவிட்டாலும், "தம்பிஐயாத் தண்டையலின் பேத்தி" என்றும் எழுதச் சொன்னேன். அவர் எழுதினார். கனகாம்பிகை என்று முழுப்பெயரையும், எழுத்து ஒன்றும் விடாமல், ஒப்பமிட்டேன்.

சித்திரையில் கோட்டை மாற்றிப் போட்டார்கள். மறுநாள் விடியமுன் இறங்கிப் போனேன். இம்முறை கோடுகள் சிவப்பாக இருந்தன. செங்கல்லை இடித்துத் தூளாக்கியிருந்தார்கள். சுண்ணாம்பு வேண்டாமென்று யார் சொன்னதென்று நான் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தைச் சுற்றிப் போனேன், தொட்டிகளைக் கடந்தேன். நடுவே புதிய வழி திறந்து கிடந்தது. அதற்குள் வந்ததும் காற்று நேரே கடலிலிருந்து வந்து சேலையைப் பின்னால் அள்ளிற்று. இரு பக்கமும் இன்னும் எழும்பாத சுவர்கள். வலப்பக்கச் சுவரில், என் கண் உயரத்தில், எழுத்து வரப்போகும் இடத்தைப் பார்த்தேன். மெல்லிய பனியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பெயர்களை வாசித்தேன். வெறும் இடங்களையும் நின்று வாசித்தேன்.

எதிரே குகதாசனின் வள்ளம் இயந்திரத்தைத் தணித்து, பாரில் உரசாமல், வானால் வெளியே போய்க்கொண்டிருந்தது.